முட்டை ஓடு போட்டும் தக்காளி அழுகுதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

"வாரம் தவறாமல் முட்டை ஓடு போடறேன், ஆனாலும் தக்காளி அடியில கருப்பாகி அழுகுது. இன்னும் அதிகமா போடட்டுமா?" மாடித்தோட்டக்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். அதிகமாகப் போடாதீர்கள். முதலில் கீழே உங்கள் செடியின் அறிகுறி எதுவென்று பார்த்து, அந்தத் தலைப்பின் கீழ் சொல்லியிருக்கும் வரிசையிலேயே சோதியுங்கள். செலவில்லாதது முதலில், செலவுள்ளது கடைசியில்.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான செய்தி ஒன்று: முட்டை ஓடு போடுவதே கால்சியத்துக்காகத்தான். அந்தக் கால்சியம் தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும். ஓர் இலையில் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து காய்க்குப் போகாது. அதனால் மண்ணில் எவ்வளவு கிடந்தாலும், காய் பிடிக்கும் நாட்களில் தண்ணீர் தடைபட்டால் காய்க்குக் கால்சியம் கிடைக்காது.

## எதற்கும் முன்னால்: உங்கள் தண்ணீர் எது?

கோவையில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வோம். செடிக்கும் அந்தப் பிரிவு முக்கியம்.

போர்த் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிறதா, கீசர் கம்பியில் ஓடு கட்டுகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா? அப்படியானால் செடிக்குக் கால்சியம் தினமும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஒரு முட்டை ஓடு சுமார் 5 கிராம், அதில் கால்சியம் ஏறத்தாழ 2 கிராம். லிட்டருக்கு 75 மில்லிகிராம் கால்சியம் உள்ள தண்ணீரை நாளுக்கு 1 லிட்டர் ஊற்றினால் 27 நாளில் அதே 2 கிராம் செடி வளரும் பைக்குள் சேர்ந்துவிடும். அதுவும் கரைந்த நிலையில். ஓட்டில் இருப்பது கரையாத நிலையில். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் அந்த 75 என்பது சாதாரணமாக ஏற்கத்தக்க எல்லை. பல போர்களில் அதைவிட அதிகம் இருக்கும்.

கோவைக் குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீரோ மழைநீரோ மட்டும் ஊற்றுகிறீர்களா? பையில் பெரும்பகுதி கோகோபீட்டா (தென்னை நார்த்தூள்)? உங்களுக்குத்தான் உண்மையான கால்சியம் பற்றாக்குறை வர வாய்ப்பு உண்டு.

ஆர்.ஓ. கழிவுநீரா? அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். தொட்டிச் செடிக்குத் தொடர்ந்து அதை மட்டும் ஊற்ற வேண்டாம்.

நிலத்து மண் என்றால் இன்னொரு சோதனையும் செய்யலாம். ஒரு பிடி காய்ந்த மண்ணில் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுக்கான் கலந்த மண், சுண்ணாம்பு தாராளமாக இருக்கிறது. அந்த மண்ணுக்கு ஓடு தேவையே இல்லை. நீலகிரி மாதிரி அமில மண் உள்ள இடங்களில் ஓட்டுத் தூள் நன்றாகவே வேலை செய்யும். ஒரே ஓடு ஊட்டியில் மருந்தாகவும் பல்லடத்தில் வீணாகவும் போவது இதனால்தான்.

## அறிகுறி: தக்காளியின் அடிப்பாகம் கருத்துக் குழிவிழுகிறது

அதிகம் வருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் நுனி அழுகல்தானா என்று உறுதி செய்யுங்கள். பூ உதிர்ந்த முனையில், அதாவது காம்புக்கு நேர் எதிர்ப்பக்கம், நீர் கோத்தது போன்ற புள்ளி தோன்றிப் பிறகு பழுப்பாகி, தோல் மாதிரி தடித்து உள்வாங்கினால் இது நுனி அழுகல். வெயில் படும் பக்கவாட்டில் வெளுத்துக் காகிதம் போல ஆகியிருந்தால் அது வெயில் காயம். துளையும் எச்சமும் இருந்தால் காய்ப்புழு. வட்டத்துக்குள் வட்டமாகப் புள்ளி இருந்தால் பூஞ்சாண நோய். இந்த மூன்றுக்கும் கால்சியத்தோடு சம்பந்தமில்லை.

நுனி அழுகல் என்றால் வரிசையாக:

1. தண்ணீர் சீராகப் போகிறதா? பத்தில் எட்டுப் பேருக்காவது கோளாறு இங்கேதான் இருக்கும் என்பது என் அனுபவம். மதியம் இரண்டு மணிக்குப் பைக்குள் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் காலையில் ஊற்றியது போதவில்லை. ஈரமாக இருந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்துப் பையின் நடுவில் கரண்டியால் தோண்டுங்கள். நன்றாகக் காய்ந்த கோகோபீட் தண்ணீரை ஏற்காது. ஊற்றியது ஓரமாக இறங்கி அடித்துளை வழியே வெளியேறிவிடும். கீழே தண்ணீர் வடிவதைப் பார்த்து நிறைந்துவிட்டது என்று நினைப்போம், நடுவில் வேர் காய்ந்து கிடக்கும்.

நடு காய்ந்திருந்தால் தண்ணீரை ஒரே தடவையில் கொட்டாமல், கால் மணி நேர இடைவெளியில் மூன்று தவணையாக ஊற்றி முழுக்க நனையுங்கள். பிறகு காலை, மாலை என்று பிரித்துக் கொடுங்கள். மேலே மூன்று விரல் கனத்துக்குக் காய்ந்த இலை, தென்னை நார், வைக்கோல் எதையாவது மூடாக்காகப் போடுங்கள். பங்குனி, சித்திரையில் மாடித் தளமே கொதிக்கும். பையை நேரே தளத்தில் வைக்காமல் செங்கல் மேலோ தாங்கி மேலோ ஏற்றுங்கள், 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். தக்காளிக்கு 15 அங்குலப் பைக்குக் குறைய வேண்டாம். சின்னப் பை கோடையில் அரை நாள்கூட ஈரம் தாங்காது.

2. தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமா? செடி கரும்பச்சையாகத் தடதடவென்று வளர்ந்து காய் மட்டும் அழுகுகிறதா? மீன் அமிலம், கடலைப் புண்ணாக்குக் கரைசல், மட்காத சாணம் எதை எத்தனை நாளுக்கு ஒருமுறை கொடுக்கிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். இலைகள் வேகமாகப் பெருகினால் ஏறும் தண்ணீரும் அதிலுள்ள கால்சியமும் இலைக்கே போய்விடும். மூன்று வாரம் நிறுத்திவையுங்கள்.

3. வாழைப்பழத்தோல் கரைசலும் எப்சம் உப்பும் கொடுக்கிறீர்களா? சமையலறைக் கழிவிலேயே கால்சியத்துக்கு எதிராக வேலை செய்வது வாழைப்பழத்தோல்தான். அதிலுள்ள பொட்டாசியமும், எப்சம் உப்பிலுள்ள மெக்னீசியமும் வேரின் வாசலில் கால்சியத்தோடு போட்டி போடும். ஒரு கையால் ஓடும் இன்னொரு கையால் தோல் கரைசலும் கொடுப்பவர்கள் நிறையப் பேர். காய் பிடிக்கும் பருவத்தில் இந்த இரண்டையும் நிறுத்துங்கள்.

4. கோகோபீட்டைக் கழுவினீர்களா? கடையில் வாங்கிய கட்டியை ஊறவைத்து அப்படியே கலந்திருந்தால், அதிலுள்ள சோடியமும் பொட்டாசியமும் பையில்தான் இருக்கும். நீங்கள் கொடுக்கும் கால்சியத்தை கோகோபீட் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். செடி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தால் நல்ல தண்ணீரைப் பையின் கொள்ளளவுக்கு இரண்டு மூன்று மடங்கு மெதுவாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள். கூடவே சத்தும் கொஞ்சம் போகும். ஒரு வாரம் கழித்து மண்புழு உரம் கொடுத்தால் சரியாகும்.

5. வேர் நன்றாக இருக்கிறதா? மோசமான செடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. கருத்துக் கூழாகி நாற்றம் வந்தால் வடிகால் துளை அடைத்து வேர் அழுகியிருக்கிறது. முடிச்சு இருந்தால் அந்தக் கலவையில் அடுத்து தக்காளி, கத்தரி, வெண்டை எதுவும் வைக்க வேண்டாம்.

6. ஐந்தும் சரியாக இருந்தால் மட்டும் கால்சியம் கொடுங்கள். இந்தப் பருவத்துக் காய்க்கு முட்டை ஓடு உதவாது, அது கரைய மாதங்கள் ஆகும். ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) 15 அங்குலப் பைக்கு ஒரு மேசைக்கரண்டி மேல்மண்ணில் கிளறித் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஜிப்சம் 2 கிராம் வரை கரையும். அதோடு ஒப்பிட்டால் ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட் கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம். இன்னும் வேகமாக வேண்டுமானால் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 5 கிராம், மாலை நேரத்தில் இளங்காய்கள் நனையும்படி பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளியுங்கள். இது ரசாயன உரம். இயற்கை வழியில் மட்டும் போகிறவர்கள் ஜிப்சத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அழுகிய காய் திரும்பச் சரியாகாது, பறித்துவிடுங்கள். கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சம் கெட்டியாக இருந்தால் சமைக்கலாம். நீங்கள் இன்று செய்த மாற்றம் இனிமேல் பிடிக்கும் பிஞ்சில்தான் தெரியும். அதனால் மூன்று வாரம் பொறுங்கள். அந்த மூன்று வாரத்துக்குள் புதுப் புது வைத்தியங்களைச் சேர்த்தால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.

எப்போது நிபுணரிடம்: மூன்று வாரம் சீராகத் தண்ணீர் கொடுத்தும் புதுக் காயில் பாதிக்கு மேல் அழுகினால், மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். எப்படி எடுப்பது என்று கடைசியில் சொல்லியிருக்கிறேன்.

## அறிகுறி: சுரை, பீர்க்கு, பூசணிப் பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சளாகி அழுகுகிறது

இதையும் கால்சியம் குறை என்று நினைத்து ஓடு போடுகிறார்கள். பெரும்பாலும் மகரந்தம் சேராத பிஞ்சுதான் இப்படிச் சுருங்கும்.

விரல் அளவிலேயே வெம்பிப் போகிறதா? கையால் மகரந்தம் சேருங்கள். பூசணிப் பூ விடிகாலையில் விரியும், சுரையும் பீர்க்கும் மாலையில் விரியும். காலையில் போய்ப் பீர்க்குப் பூவைத் தேடினால் மூடித்தான் இருக்கும். ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தடவினால் போதும்.

காய் கொஞ்சம் பெருத்த பிறகு கோணலாகி, தோலில் ஊசி குத்தின புள்ளியும் பிசினும் தெரிகிறதா? பிளந்து பாருங்கள். வெள்ளைப் புழு இருந்தால் பழ ஈ. விழுந்த காய்களை உரக்குழியில் போடாமல் பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் வையுங்கள், பழ ஈக்கான கவர்ச்சிப் பொறி மாட்டுங்கள், பிஞ்சுகளுக்குக் காகித உறை போடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் மட்டும் தக்காளிக்குச் சொன்ன தண்ணீர் சோதனைக்குப் போங்கள்.

## அறிகுறி: மிளகாயில் கொழுந்து இலை சுருள்கிறது

உண்மையான கால்சியம் குறையில் கொழுந்தின் நுனியும் ஓரமும் கருகும், வளரும் முனையே செத்துப்போகும். கருகாமல் சுருண்டு மட்டும் இருந்தால் பூச்சியைத் தேடுங்கள்.

- ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து படகு மாதிரி இருந்தால் இலைப்பேன். வெள்ளைத் தாளின் மேல் கொழுந்தைத் தட்டுங்கள், மெல்லிய மஞ்சள் கீற்றுகள் ஊர்ந்தால் அதுவேதான். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். நீல ஒட்டும் பொறி வையுங்கள்.
- கீழ்நோக்கி மடிந்து, இலைக் காம்பு நீண்டிருந்தால் சிலந்திப்பேன். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ் வேண்டும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். உச்சி வெயிலில் தெளிக்கக் கூடாது. வேப்பெண்ணெய் அடித்த செடிக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் கந்தகம்.
- இலை சிறுத்து, கொத்துக் கொத்தாக நெருங்கி, செடியே குட்டையாகி நின்றால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். இதற்கு மருந்தில்லை. பக்கத்துச் செடிகளைக் காப்பாற்ற வேண்டுமானால் பிடுங்கி அழித்துவிடுங்கள்.

## அறிகுறி: ஓடு போட ஆரம்பித்த பிறகு புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது

ரோஜா, மல்லி, இட்லிப்பூ, கறிவேப்பிலை, எலுமிச்சை வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இங்கே ஓடே நோய்க்குக் காரணமாக இருக்கலாம். போர்த் தண்ணீரும் ஓட்டுத் தூளும் சேர்ந்து மண்ணைக் காரமாக்கும். காரமான மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது.

சோதனை: வெளுப்பு கொழுந்தில் தொடங்கியதா, அடி இலையில் தொடங்கியதா? அடி இலை முதலில் மஞ்சளானால் அது தழைச்சத்தோ மெக்னீசியமோ குறைந்தது, இந்தத் தலைப்பு உங்களுக்கில்லை. கொழுந்து முதலில் வெளுத்தால், ஒரு பங்கு மண்ணை இரண்டு பங்கு பேட்டரித் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, அமில-கார அளவைக் காட்டும் பி.எச். தாளை நனையுங்கள். 7.5க்கு மேல் போனால் சந்தேகமில்லை. பேட்டரிக் கடையில் காய்ச்சி வடித்த தண்ணீர் என்று கேட்டு வாங்குங்கள், ஆசிட் வேண்டாம்.

செய்ய வேண்டியது: ஓடு, சுண்ணாம்பு, சாம்பல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சாம்பலும் காரம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு நன்கு மட்கிய உரம் போடுங்கள். முடிந்த நாட்களில் மழைநீர் கொடுங்கள். உடனடி மீட்புக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்து, கலந்த அன்றே மாலையில் இலைமேல் தெளியுங்கள். தளத்தில் பட்டால் துருக்கறை போகாது, கீழே சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை என மூன்று தெளிப்பில் புதுக் கொழுந்து பச்சையாக வர வேண்டும். வரவில்லையென்றால் கலவையை மாற்றி நடுவதுதான் வழி.

புளித்த மோர் கறிவேப்பிலைக்கு நல்லதுதான். ஆனால் உப்புத் தண்ணீர் தினமும் ஏற்றும் காரத்தை வாரத்துக்கு ஒரு டம்ளர் மோர் இறக்கிவிடாது.

## அறிகுறி: போன வருடம் போட்ட ஓடு அப்படியே கிடக்கிறது

கையால் நொறுக்கிப் போட்ட ஓடு அப்படித்தான் கிடக்கும். நைஸாக அரைத்தால்தான் பயன்.

கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, வெறும் சட்டியில் கொஞ்சம் சூடாக்கி, மிக்ஸியில் அரையுங்கள். அரைத்ததை மாவுச் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதைத் திரும்ப அரையுங்கள். விரலில் தேய்த்தால் கோலப்பொடி மாதிரி நறநறக்கக் கூடாது, மைதா மாதிரி வழுக்க வேண்டும். மூடியை உடனே திறக்காதீர்கள், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல. வேகவைத்த முட்டை ஓடானாலும் பச்சை முட்டை ஓடானாலும் கால்சியம் ஒன்றுதான்.

போடும் நேரம் மேலுரமாக அல்ல, கலவை தயாரிக்கும்போது. ஒரு பைக்கு ஒரு மேசைக்கரண்டி, வருடத்துக்கு ஒருமுறை. இதைவிட எனக்குப் பிடித்த வழி உரத்தொட்டியில் போடுவது. காய்கறிக் கழிவு மட்கும்போது வரும் அமிலம் தூளை மெல்லக் கரைக்கும்.

மீன் முள், ஆட்டெலும்பும் இப்படித்தான். அவற்றின் கால்சியம் பாஸ்பேட்டோடு பிணைந்தது, இன்னும் தாமதமாகவே வரும். நத்தைக்கு வேலியாக ஓட்டைச் சுற்றிப் போடுவதிலும் பலனில்லை. நத்தைக்குத் தன் ஓடு வளரக் கால்சியம் வேண்டும், அது அதைத் தேடிச் சாப்பிடும்.

## அறிகுறி: எறும்பு, எலி, நாற்றம், குட்டி ஈ

ஓட்டின் உள்ளே ஒட்டிய வெள்ளைக்கரு எறும்பை அழைக்கும். கழுவிக் காயவைத்தால் தீர்ந்தது. மீன் கழிவோ இறால் ஓடோ பச்சையாகப் புதைத்திருந்தால் பெருச்சாளி வந்து வேரோடு கிளறும். அவற்றை மூடியுள்ள உரத்தொட்டியில் மட்டும் போடுங்கள். பால் பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தினமும் ஒரே பையில் ஊற்றினால் மேல்மண் புளித்துக் குட்டி ஈக்கள் வரும். வாரம் ஒருமுறை, பை மாற்றி மாற்றி ஊற்றினால் தொல்லையில்லை.

## அறிகுறி: கரைசல் ஊற்றின மறுநாள் செடி வாடியது, இலை கருகியது

வினிகர்-ஓட்டுக் கரைசல் என்றால்: அமிலம் மிச்சமிருக்கிறது. கரைசலில் ஒரு சிட்டிகை ஓட்டுத் தூள் போடுங்கள். நுரைத்தால் இன்னும் தயாராகவில்லை. 5 சதவீத வினிகர் 100 மி.லி.க்கு ஒரு முட்டை ஓட்டின் தூள் போதும், அதற்கு மேல் அதில் கரையாது. புட்டியை இறுக மூடவே கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும். தயாரானதை லிட்டருக்கு 2 மி.லி. கலக்கலாம். அந்த ஒரு லிட்டரில் இருக்கும் கால்சியம் சுமார் 33 மில்லிகிராம். முன்னே கணக்குப் போட்ட போர்த் தண்ணீரில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. சிறுவாணித் தண்ணீர்க்காரர்களுக்கு இது பயன்படும், மற்றவர்கள் வினிகருக்குச் செலவு செய்ய வேண்டாம்.

வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றியிருந்தால்: தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். 12க்கு மேல். வேர் வெந்துவிடும். உடனே நல்ல தண்ணீரை அடியில் தெளிவாக வடியும்வரை ஊற்றிப் பையை நிழலுக்கு மாற்றுங்கள். மீன் அமிலம், யூரியா, பச்சைச் சாணம் இவற்றோடு சுண்ணாம்பைக் கலந்தால் அம்மோனியா வாயு கிளம்பும். கண் எரிச்சலோடு உள்ள தழைச்சத்தும் காற்றில் போய்விடும்.

முட்டை-எலுமிச்சை-வெல்லக் கரைசல் என்றால்: அளவு லிட்டருக்கு 1 முதல் 2 மி.லி. தான். அதிகமானாலும் வெயிலில் தெளித்தாலும் இலை கருகும். மறுநாள் காலை வெறும் தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள்.

## பரிசோதனைக்கு எடுத்துப் போவது

உங்கள் பகுதிக்கான வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ கேளுங்கள். கோவைக்காரர்களுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகமே பக்கத்தில் இருக்கிறது. நேரில் போகும் முன் பேச வேண்டுமானால் 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்தில் தமிழிலேயே கேட்கலாம், கட்டணமில்லை.

மண்: நாலைந்து பைகளில் வேர் ஆழத்திலிருந்து எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ. உரம் போட்ட அடுத்த நாள் எடுக்காதீர்கள். தண்ணீர்: போரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் அலசிய பிளாஸ்டிக் புட்டியில் ஒரு லிட்டர். சோப்பு போட்டுக் கழுவிய புட்டி வேண்டாம். பி.எச்., உப்பின் அளவைச் சொல்லும் இ.சி., கால்சியம், மெக்னீசியம், சோடியம், பைகார்பனேட் இவற்றைப் பார்த்துத் தரும்படி கேளுங்கள். தண்ணீரில் சோடியம் அதிகம் என்று வந்தால் ஜிப்சம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை அவர்களிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அளவு தண்ணீருக்குத் தண்ணீர் மாறும், பக்கத்து வீட்டுக் கணக்கு உங்கள் போருக்குப் பொருந்தாது.